கிளினிக்கில் சொன்னது வெளியே போகுமா? சிஸ்டரிடம் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துக் கிளினிக்குகளில் 22 வருடமாக நர்ஸ் வேலை. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கிளினிக் அட்டையைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் மட்டும் போடாதீர்கள்.

மருமகளின் ரத்தப் பரிசோதனை முடிவை நான் போய் வாங்கலாமா?

அவர் எழுதிக் கொடுத்தால் வாங்கலாம். 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டம், 14ஆம் பிரிவு.

15 வயது மகளின் பையில் கிளினிக் அட்டை கிடந்தது. கருத்தடை ஊசி போட்டிருக்கிறாள். என்னைக் கேட்காமல் எப்படிப் போட்டீர்கள்? (சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அப்பா)

அண்ணே, உங்கள் பதைப்பு புரிகிறது. ஆனால் 2005ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டப்படி 12 வயது ஆனவர்களுக்கு, ஆலோசனை சொல்லி, உடம்பைப் பரிசோதித்துவிட்டு, பெற்றோர் சம்மதம் இல்லாமலே கொடுக்கலாம். வெளியே சொல்லவும் கூடாது. யாராவது அவளிடம் தவறாக நடந்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் கதை வேறு, அப்போது நாங்கள் புகார் செய்தே ஆக வேண்டும்.

வரவேற்பு மேசையில், பெஞ்சு முழுக்க ஆள் இருக்கும்போது, "எதுக்கு வந்தீங்க?" என்று சத்தமாகக் கேட்கிறார்கள்.

ஃபைல் திருடு போய் ரகசியம் வெளியானதை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்த மேசையிலும் பாதி திறந்த கதவிலும்தான் போகிறது. "சிஸ்டரிடம் உள்ளே சொல்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கேட்கவில்லையென்றால் கிளினிக் பொறுப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

தம்பி மகனின் பரிசோதனை முடிவை...

மருமகளுக்குச் சொன்னதேதான். மேலே படியுங்கள்.

மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) ரசீதில் வியாதிப் பெயர் வருமா?

அவர்களிடமே கேளுங்கள், நான் கிளினிக் ஆள்.

மறுபடியும் சாட்ஸ்வொர்த் அப்பாதான். சோறு போடுவது நான், சட்டம் யார்?

அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்திலேயே வராமல் இருந்து, ஐந்தாம் மாதம் வயிற்றோடு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி மேசைமேல் இருந்த தன் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வாயையே திறந்தாள்.

அந்த அண்ணன் கேட்பதில் என்ன தப்பு? நானும் ஒரு அம்மாதான்.

கேட்பது தப்பில்லை அக்கா. மகளிடம் கேட்கட்டும், எங்களிடம் கேட்டால் வாய் திறக்க மாட்டோம்.

சரி சிஸ்டர், இப்போது நான் என்ன செய்ய? (சாட்ஸ்வொர்த் அப்பா)

இன்று ராத்திரி அவளைத் திட்டாதீர்கள். போட்டோ எடுத்திருந்தால் அழித்துவிடுங்கள். அட்டையை எடுத்த இடத்திலேயே வையுங்கள், அடுத்த ஊசிக்கான தேதி அதில்தான் இருக்கிறது.