புது டிஸ்க்குக்கு மாற்றிய வி.எம். ஏன் எழுவதில்லை?

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஃபெடோரா லினக்ஸ் போட்ட ஒரு கணினியில், மாணவர்களுக்காக ஆறு வி.எம்.கள் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள்) ஓடுகின்றன. இடம் போதாமல் புது டிஸ்க் ஒன்றை ஃபார்மட் செய்து '/டேட்டா' என்று மவுண்ட் செய்தேன். வி.எம்.களின் டிஸ்க் ஃபைல்களை அங்கே நகர்த்தினேன். அதற்கப்புறம் ஒன்றுகூடத் தொடங்கவில்லை. 'பெர்மிஷன் டினைட்' என்றே வருகிறது. 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்தும் பயனில்லை. 'செட்என்ஃபோர்ஸ் 0' அடித்ததும் ஆறும் ஓடின. இப்படியே விட்டுவிடலாமா சார்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: விட்டுவிடாதீர்கள். மாணவர்கள் பயன்படுத்தும் கணினி என்பதால் இன்னும் அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் அடித்த செட்என்ஃபோர்ஸ் 0, ஃபெடோராவின் காவலாளியான எஸ்இலினக்ஸ் எதையும் தடுக்காதபடி செய்யும் கட்டளை. எஸ்இலினக்ஸ் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் ஒரு லேபிள் வைத்திருக்கிறது. ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் அதேபோல ஒரு லேபிள் உண்டு. எந்த லேபிள் எதைத் தொடலாம் என்பது பாலிசியில் எழுதியிருக்கும். எழுதாதது எல்லாம் மறுப்புதான். 777 என்பது இதற்கு முன்னால் இருக்கும் வேறொரு கதவு. ஏற்கெனவே திறந்திருந்த அந்தக் கதவைத்தான் நீங்கள் இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறீர்கள். பூட்டியிருப்பது அடுத்த கதவு.

வி.எம். கிளம்பும்போது அதன் டிஸ்க் ஃபைலுக்குச் சரியான லேபிளை, வி.எம்.களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டே ஒட்டிவிடும். ஆனால் அந்த ஃபைலுக்குப் போகும் வழியில் உள்ள ஃபோல்டரை அது தொடாது. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். பழைய இடமான '/வார்/லிப்/லிப்விர்ட்/இமேஜஸ்' ஃபோல்டருக்கு 'விர்ட்_இமேஜ்_டி' என்ற லேபிள் பாலிசியிலேயே குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் '/டேட்டா' பற்றி அதற்கு எதுவும் தெரியாது. 'எல்எஸ் -டிஇசட்' என்று (இசட் பெரிய எழுத்து) அந்த ஃபோல்டரைப் பாருங்கள். 'அன்லேபிள்ட்_டி' அல்லது 'டீஃபால்ட்_டி' என்று காட்டும். வி.எம்.மின் புரோகிராம் அப்படிப்பட்ட ஃபோல்டருக்குள் நுழைய முடியாது.

சரி செய்வது இரண்டு வரி வேலை. ஆறு வி.எம்.களையும் நிறுத்திவிட்டு, ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) இதை அடியுங்கள்:

செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் -ஏ -டி விர்ட்_இமேஜ்_டி '/டேட்டா(/.*)?'

அப்புறம் 'ரெஸ்டோர்கான் -ஆர்வி /டேட்டா' (ஆர் பெரிய எழுத்து, வி சிறிய எழுத்து). முதல் வரி விதியை எழுதி வைக்கிறது, இரண்டாவது வரி அதை டிஸ்க்கில் நிறைவேற்றுகிறது. முதல் வரியோடு நிறுத்திவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று கேட்பவர்கள் நிறைய. 'சிஎச்கான்' என்ற கட்டளையாலும் லேபிளை மாற்றலாம். ஆனால் விதி எழுதாமல் மாற்றியது என்பதால், அடுத்த முறை யாராவது ரெஸ்டோர்கான் ஓட்டினால் பழையபடி ஆகிவிடலாம். கடைசியில் 'செட்என்ஃபோர்ஸ் 1' கொடுத்து வி.எம்.களைத் தொடங்குங்கள். 777 கொடுத்ததையும் மறக்காமல் திருப்புங்கள்: ஃபோல்டருக்கு 711, டிஸ்க் ஃபைல்களுக்கு 600 போதும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். உங்கள் ஆறு வி.எம்.களும் ஹோஸ்ட்டில் (அவற்றைச் சுமக்கும் கணினியில்) 'க்யூஎமு' என்ற ஒரே பயனர் பெயரில் ஓடுகின்றன. சாதாரண ஃபைல் அனுமதியைப் பொறுத்தவரை ஆறும் ஒரே ஆள்தான்; முதல் வி.எம். ஆறாவதின் டிஸ்க்கைப் படிக்கலாம். அதைத் தடுப்பது எஸ்விர்ட் என்ற ஏற்பாடு. 2009இல் ஃபெடோரா 11இல் வந்தது. ஒவ்வொரு வி.எம். தொடங்கும்போதும் 1024 எண்களிலிருந்து இரண்டைப் பொறுக்கி அதன் லேபிளில் சேர்க்கும். அதே ஜோடியை அதன் டிஸ்க் ஃபைலின் லேபிளிலும் எழுதும். 5,23,776 ஜோடிகள் இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு வி.எம்.களுக்கு ஒரே ஜோடி விழாது. 'பிஎஸ் -இஇசட்' (இசட் பெரிய எழுத்து) அடித்தால் இந்த எண்களை நீங்களே பார்க்கலாம். என் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவதே இதைத்தான்.

2015 மே மாதம் 'வெனம்' என்ற ஓட்டை வெளியானது. வி.எம்.களை ஓட்டும் க்யூஎமு புரோகிராமில் ஃபிளாப்பி டிரைவுக்காக எழுதிய பகுதியில், 2004 முதலே இருந்த பிழை. வி.எம்.முக்கு ஃபிளாப்பியே கொடுக்காதவர்களையும் அது விடவில்லை. வி.எம்.முக்குள் ரூட்டாக இருப்பவர் அதன் வழியாக ஹோஸ்ட்டில் எட்டிப் பார்க்க வழி இருந்தது. உங்கள் மாணவர்கள் எல்லோரும் தங்கள் வி.எம்.முக்குள் ரூட்தானே? அப்படி ஒருவர் வெளியே வந்தாலும், எஸ்இலினக்ஸ் இயங்கினால் அவர் கை எட்டுவது பெரும்பாலும் அவருடைய டிஸ்க்கோடு நின்றுவிடும். செட்என்ஃபோர்ஸ் 0 என்றால் தடுக்க ஆளில்லை.

நானும் இதே தவறைச் செய்தவன். பல வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில் இரவு பதினொரு மணிக்கு வி.எம்.களை இடம் மாற்றிவிட்டு, எழாததால் கான்ஃபிக் ஃபைலில் எஸ்இலினக்ஸை 'டிஸேபிள்ட்' ஆக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் எல்லாம் ஓடியது, யாரும் கேட்கவில்லை. ஒரு வருடம் கழித்து மறுபடி இயக்கச் சொன்னார்கள். இடையில் உருவான ஃபைல்கள் எதற்கும் லேபிள் கிடையாது. முழு டிஸ்க்குக்கும் புதிதாக லேபிள் போட்டு சர்வர் எழுவதற்குள் பாதி நாள் போய்விட்டது. கணக்குப் பிரிவில் எல்லோரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். அந்த முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. சோதனைக்காகத் தளர்த்தியே ஆக வேண்டுமென்றால் 'பெர்மிஸிவ்' (செட்என்ஃபோர்ஸ் 0 தரும் நிலை) வரை போங்கள். அதில் லேபிள்கள் தொடரும், மறுப்புகள் லாகில் பதிவாகும். 'டிஸேபிள்ட்' பக்கம் போகாதீர்கள்.

இன்னொன்று. இணையத்தில் தேடினால் 'ஆடிட்2அலோ' ஓட்டச் சொல்வார்கள். அது லாகில் உள்ள மறுப்பை எடுத்து, அனுமதியாக மாற்றித் தரும். உங்கள் விஷயத்தில் அப்படிச் செய்தால், லேபிள் இல்லாத இடங்களுக்குள் எல்லா வி.எம்.களும் நுழையலாம் என்றே விதி எழுதும். தவறு லேபிளில் இருக்கும்போது பாலிசியைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாளைக்கு டிஸ்க் ஃபைல்களை என்எஃப்எஸ் சர்வருக்கு (நெட்வொர்க் வழியாக ஃபைல்களைத் தரும் சர்வர்) மாற்றினால் அங்கே தனித்தனி லேபிள் ஒட்ட முடியாமல் போகலாம். அதற்கென்றே ஒரு சுவிட்ச் இருக்கிறது: 'செட்எஸ்இபூல் -பி விர்ட்_யூஸ்_என்எஃப்எஸ் 1' (பி பெரிய எழுத்து).

கேள்வி: உபுண்டுவில் செமேனேஜ் வேலை செய்யவில்லை. அங்கே என்ன செய்வது?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: உபுண்டு லினக்ஸில் காவலுக்கு இருப்பது எஸ்இலினக்ஸ் அல்ல, ஆப்ஆர்மர். அது லேபிளைப் பார்ப்பதில்லை, ஃபைல் இருக்கும் பாதையைப் பார்க்கிறது. வி.எம்.மின் விவரக்குறிப்பில் புது டிஸ்க்கின் பாதையை 'விர்ஷ் எடிட்' மூலம் சரியாக எழுதிவிட்டால், தொடங்கும்போது அந்த வி.எம்.முக்கான புரொஃபைலில் அதுவே சேர்ந்துகொள்ளும். அப்படியும் மறுத்தால் 'டிமெஸ்ஜி' அடித்து, 'டினைட்' என்ற வரியில் எந்தப் பாதை இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.