வன்னியில் காடு என்று எல்லைக்கல் போட்ட எங்கள் ஊர்க் காணிக்கு ட்ரோன் வரைபடம் உதவுமா?

உதவும். ஆனால் படம் மட்டும் காணியை மீட்டுத் தராது.

நீங்கள் எழுதிய நிலைமை முல்லைத்தீவிலும் வவுனியா வடக்கிலும் மன்னாரிலும் இருக்கிறது. சனம் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வயலும் தோட்டமும் பற்றையாகி, மரமாகி, திரும்பி வந்து பார்த்தால் வனவளத் திணைக்களத்தின் கல் நிற்கிறது. ஊர்ச் சங்கம் ஒரு ட்ரோன் வாங்கி மேலிருந்து படம் எடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலிருந்து பார்த்தால் ட்ரோனுக்கும் காடுதான் தெரியும். அதற்குள் கிடக்கிற கிணறு, அத்திவாரம், வாய்க்கால், பழைய குளக்கட்டு ஒவ்வொன்றுக்கும் இடமும் பெயரும் ஆளும் ஆவணமும் சேர வேண்டும். பறக்கிற வேலை ஒரு காலையில் முடியும். இந்தச் சேர்க்கிற வேலைதான் மாதக்கணக்கில் இழுக்கும், வழக்கில் நிற்பதும் அதுதான்.

எக்குவடோரில் சினாங்கோயே ஊரின் கோஃபான் பழங்குடி மக்கள் இதைச் செய்து காட்டினார்கள். அகுவாரிக்கோ ஆற்றோரம் தங்கம் தோண்ட ஆட்கள் இறங்கியபோது ஊர்க்காவல் அணி, காட்டில் கட்டிய தானியங்கிக் கமரா, ட்ரோன் மூன்றாலும் ஆதாரம் சேர்த்தார்கள். கொடுத்ததும் விண்ணப்பத்தில் இருந்ததுமாக 52 சுரங்க அனுமதிகளை 2018இல் நீதிமன்றம் ரத்துச் செய்தது. 2022இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் ஊரின் பக்கமே நின்றது. ஊரைக் கேட்காமல் அனுமதி கொடுத்தது பிழை என்பதே தீர்ப்பின் அடிப்படை. படங்கள் அதற்குத் துணைச் சான்று.

இனி நம்மிடம் வருவோம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் ட்ரோனைப் பதிந்து, பாதுகாப்பு அமைச்சின் அனுமதியையும் எடுத்த பிறகே பறக்க விடுங்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ட்ரோன் முற்றாகத் தடைசெய்யப்பட்டிருந்தது. விதிகள் மாறுகிறவை, பறக்கும் வாரத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இராணுவ முகாம் வேலிக்கு அருகில் வேண்டாம். கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் எழுத்தில் அறிவித்துப் பிரதி வைத்திருங்கள். முதல் நாளே வீடு வீடாகவும் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் ‘வண்டு’ என்று சனம் சொன்ன வேவு விமானம் இரைந்த காலத்தை அனுபவித்த ஆட்கள் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அந்தச் சத்தம் அவர்களுக்கு என்ன செய்யும் என்பதை நினைக்காமல் எழுப்பக்கூடாது.

பெரும்போக அறுவடை முடிந்த மாசி, பங்குனி நல்ல காலம். வரம்புகள் தெளிவாகத் தெரியும். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று தூக்கி எறியும். 250 கிராமுக்குக் குறைந்த மினி வகைகள் அந்தக் காற்றில் நிற்காது, பலவற்றில் கட்டம் போட்டுத் தானாகப் பறக்கும் வசதியும் இல்லை.

கணக்கு இப்படி வரும். ஓரங்குல சென்சாரும் 20 மெகாபிக்சலும் உள்ள கமரா 100 மீற்றர் உயரத்தில் ஒரு படத்துக்குள் ஏறத்தாழ 150 மீற்றருக்கு 100 மீற்றர் நிலத்தைப் பிடிக்கும். ஒரு பிக்சல் 2.7 சென்ரிமீற்றர். முன்பின் 75 சதவீதமும் பக்கவாட்டில் 70 சதவீதமும் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். அதாவது 25 மீற்றருக்கு ஒரு படம், 45 மீற்றருக்கு ஒரு வரிசை. 100 ஏக்கருக்கு 360 படம், ஓரங்களையும் சேர்த்தால் 450 வரை போகும். வினாடிக்கு 8 மீற்றர் வேகத்தில் இரண்டு பற்றரி பிடிக்கும், மூன்று கொண்டு போங்கள். ஷட்டர் 1/500 வினாடியைவிட மெதுவாக இருக்கக்கூடாது. வினாடிக்கு 8 மீற்றரில் அதிலேயே படம் 1.6 சென்ரிமீற்றர் இழுபடும்.

கூடுதல் விபரம் கிடைக்கும் என்று தாழப் பறப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. 60 மீற்றரில் பறக்கிறீர்கள், கீழே 20 மீற்றர் பாலை மரம் நிற்கிறது. மர உச்சிக்கு நீங்கள் 40 மீற்றர்தான். நிலத்தில் 75 சதவீதமாக இருந்த மேற்படிவு அங்கே 62 ஆகிவிடும். இலைகள் வேறு காற்றில் ஆடும். மென்பொருள் பொருத்த முடியாமல் அந்த இடத்தை ஓட்டையாக விட்டுவிடும். காட்டுப் பக்கம் 100 மீற்றரில், இரு திசையிலும் 80 சதவீதம் வைத்துப் பறக்க விடுங்கள். இதைத் தவிர காலை ஏழு மணிபோல், வெயில் சாய்வாக விழும்போது, கமராவைச் சரித்துச் சில படங்கள் எடுங்கள். பற்றைக்குள் அழிந்துபோன வரம்பும் வாய்க்காலும் நிழலால் எழும்பித் தெரியும். நண்பகலில் அவை தெரியாது.

ட்ரோனின் ஜி.பி.எஸ். மட்டும் என்றால் முழுப் படமும் சில மீற்றர் தள்ளி உட்காரும். எல்லைப் பிணக்கில் அந்தச் சில மீற்றரே வழக்கு. அதனால் 100 ஏக்கருக்கு 6 முதல் 8 நிலக்குறிகள் வையுங்கள்: வெட்டித் தைத்த உரப்பையில் 60 சென்ரிமீற்றர் சதுரம், கறுப்பு வெள்ளைப் பெயின்ற். நான்கு மூலை, நடு, மீதி இடைவெளிகளில். ஒவ்வொன்றின் நடுவையும் ஆர்.டி.கே. என்ற துல்லிய ஜி.பி.எஸ். கருவியால் அளந்து, இரண்டைக் கணக்கில் சேர்க்காமல் சரிபார்க்க ஒதுக்குங்கள். நிலக்குறி வைக்க என்று காட்டுக்குள் புதிதாகப் பாதை வெட்டவே வேண்டாம். கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த இடம் என்பதை உறுதிசெய்யாமல் காலடி எடுத்து வைக்காதீர்கள். ஆட்கள் தினமும் நடக்கிற பாதையும் மாட்டு வண்டித் தடமும் போதும். சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் வேலை அங்கேயே நின்றுவிட வேண்டும்.

படங்களை இணைக்க வெப்ஓடிஎம், வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ், இரண்டும் இலவசம். 16 ஜி.பி. ராம் உள்ள கணினி 450 படத்தில் இடையில் நின்றுவிடலாம், 32 இருந்தால் நிம்மதி. தலையிடி தருவது ஆள்கூற்று முறைதான். பழைய பிளான்கள் கண்டவல முறையில் இருக்கும், புதியவை 1999 முறையில். முல்லைத்தீவு நகரப் பக்கம் கிழக்கு 2 லட்சத்துச் சொச்சம், வடக்கு 4.5 லட்சம் என்று எண் இருந்தால் கண்டவல (மென்பொருளில் தெரிய வேண்டிய இ.பி.எஸ்.ஜி. குறியெண் 5234). 5 லட்சம், 7.5 லட்சம் என்றால் 1999 முறை (5235). சரியான முறையைக் கொடுக்காமல் ஜி.பி.எஸ். எண்ணோடு அப்படியே பொருத்தினால் உங்கள் கிணறு அயலவர் காணிக்குள் விழும்.

வன எல்லை எந்த அளவுத்திட்டத்தில் கீறப்பட்டது என்றும் கேளுங்கள். 1:50,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீற்றர் கோடு நிலத்தில் 50 மீற்றர். ஒரு குடும்பத்தின் தோட்டம் அந்தக் கோட்டின் தடிப்புக்குள்ளேயே போய்விடும். இதைக் கூட்டத்தில் எழுப்பத் தயங்காதீர்கள்.

வரைபடம் தயாரானதும் 1:2000 அளவில் பெரிதாக அச்சிட்டு, வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ விரித்து முதியவர்களை இருத்துங்கள். முக்கியமாகப் பெண்களை, தண்ணீர் அள்ளிய கிணறும் விறகுப் பாதையும் அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். அவர்கள் காட்டிய இடத்துக்குப் போனில் கியூஃபீல்ட் செயலியோடு நடந்து போய்ப் பதியுங்கள். கட்டுக்கிணறு கண்டால் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். சீமெந்து ஈரமாக இருந்தபோது கட்டினவர் கீறிய ஆண்டும் தலையெழுத்தும் பாசிக்கு அடியில் இருக்கலாம். கம்பியால் சுரண்டாமல் தண்ணீரும் தும்புத் தூரிகையும் போட்டுக் கழுவி, அடிமட்டம் ஒன்றை அருகில் வைத்துப் படம் எடுங்கள். வரிசையாக நிற்கும் தென்னை, மா, புளி தானாக முளைத்தவை அல்ல. அவற்றையும் புள்ளியாக இடுங்கள். ஒவ்வொரு புள்ளியோடும் ஒரு தாள் கட்டப்பட வேண்டும்: 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பெமிற், அளிப்புப் பத்திரம், உறுதி, ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு, பழைய வாக்காளர் இடாப்பு, ஊர் முகவரியோடு பிறப்புச் சான்றிதழ்.

பழைய நிலைக்கு லாண்ட்சாற் செய்மதிப் படங்கள் இலவசம். 1984இல் ஏவப்பட்ட லாண்ட்சாற் 5இன் ஒரு பிக்சல் 30 மீற்றர் சதுரம், கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. வீட்டுக் காணியை அது காட்டாது. 20 ஏக்கர் வயல்வெளி அப்போது காடாக இருந்ததா, வெளியாக இருந்ததா என்பதைக் காட்டும்.

இவ்வளவும் செய்தாலும் நீங்கள் கீறியது சட்டப்படி நில அளவைப் படம் ஆகாது. உரிமம் பெற்ற நில அளவையாளரை ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். நிலக்குறிகளை அவரே அளந்தால் பின்னால் வாதம் குறையும். அறிவித்தல் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2025 மார்ச்சில் வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு உரிமை கோர மூன்று மாதம் என்று வர்த்தமானி வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு அது மீளப்பெறப்பட்டாலும், மூன்று மாதத்துக்குள் வெளிநாட்டில் இருக்கும் உறவுகளிடமிருந்து உறுதி தேடி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லோரும் பார்த்தோம்.

உண்மையான பெருங்காட்டை ஊர் எல்லைக்குள் சேர்த்துக் கீறாதீர்கள். ஒரு இடத்தில் அது பிடிபட்டால் மற்ற எல்லாப் புள்ளிகளையும் சந்தேகிப்பார்கள். அண்மையில் துப்புரவாக்கிய பற்றைக்கு மேலும் பறக்க வேண்டாம். அந்தப் படம் வெட்டினவர் மேலேயே வழக்காகத் திரும்பலாம். மூலப் படங்களைத் திருத்தாமல், பெயர் மாற்றாமல், மூன்று பிரதியாக மூன்று வீட்டில் வையுங்கள். ஒன்று ஊருக்கு வெளியே இருக்கட்டும். முகநூலில் போடுவதா, எந்த நிறுவனத்துக்குக் கொடுப்பதா என்பதை ஊர்க் கூட்டம் தீர்மானித்துக் குறிப்புப் புத்தகத்தில் கையெழுத்தோடு எழுதி வைக்கட்டும். ட்ரோன் யாருடைய காசில் வாங்கியதாக இருந்தாலும் அந்தப் படங்கள் ஊருடையவை.