வாசகர் கேள்வி – பதில்: ஊர் வானொலிக்கு இங்கிருந்து எப்படி உதவுவது?

கேள்வி: என் தகப்பனார் பிறந்த ஊர் வேதாரண்யத்துக்கு அருகில் உள்ளது. அங்கே ஓர் அறக்கட்டளை நடத்தும் சமுதாய வானொலிக்குக் கிடைத்துவந்த நிதியுதவி இவ்வாண்டு நின்றுவிட்டது. கருவிகள் நல்ல நிலையில் இருந்தும், சம்பளம் கொடுக்க வழியில்லாமல் ஒலிபரப்பைக் காலையில் இரண்டு மணி நேரமாகச் சுருக்கிவிட்டார்கள். தீபாவளியை ஒட்டி நிதி திரட்டிப் புதிய ஒலிப்பதிவுக் கூடம் கட்டித் தரலாம் என்கிறார்கள் இங்கே சிங்கப்பூரில் உள்ள எங்கள் ஊர்க்காரர்கள். அது சரியா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: கூடம் வேண்டாம். கருவிகள் நன்றாக இருக்கின்றன, சம்பளத்துக்குத்தான் பணமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் கொடுப்பவர்களுக்குக் கட்டடத்தின் மீதுதான் ஆசை. மின்கட்டண ரசீதில் பெயர் பொறிக்க இடமில்லை அல்லவா! கடலோர நிலையத்தில் உப்புக்காற்று ஆன்டெனாவின் இணைப்புகளை அரிக்கும். மின்வெட்டைச் சமாளிக்கும் பேட்டரிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். இவை எல்லாவற்றையும்விட, விடியற்காலையில் படகுத்துறைக்குப் போய் மீன் விலையையும் காற்றின் போக்கையும் கேட்டுப் பதிவு செய்து, வெயில் ஏறுவதற்குள் தொகுத்து ஒலியேற்றுகிற ஊழியருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் தர வேண்டும். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், நீங்கள் கட்டித் தரும் கூடத்தில் சினிமாப் பாட்டு மட்டுமே ஓடும்.

இந்தியாவில் 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும் 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி நடத்த அனுமதி கிடைத்தது. 100 வாட் அளவிலான அலைபரப்பு ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் சுற்றளவையே எட்டும் என்பதால், பெரிய நிறுவனங்களின் விளம்பரம் அங்கே எளிதில் வராது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாகவும், தன் விளம்பரங்களுக்குத் தான் தரும் கட்டணத்தைப் பத்து விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாகவும் உயர்த்தியது. பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 5,328 ரூபாய் வருகிறது; ஆனால் அது ஏட்டுச் சுரைக்காய்தான். அந்த நேரம் முழுதும் நிரம்புவதில்லை, நிரம்பிய அளவுக்கும் பணம் உடனே கைக்கு வருவதில்லை. உரக்கடை, துணிக்கடை, திருமண மண்டபம் ஆகியவற்றின் சிறு விளம்பரமும், பிறந்தநாள் வாழ்த்துக்கு ஊரார் கொடுக்கும் ஐம்பதும் நூறுமே நம்பத்தக்க வருமானம். எனவே ஊரார் எவ்வளவு தருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அவர்கள் ஒரு பங்கும் தராமல் நீங்களே முழுவதையும் தந்தால், உங்கள் பணம் நிற்கும் நாளில் இன்றைய நிலைமை அப்படியே திரும்பும். இரண்டு ஊழியர்களின் சம்பளத்தை மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் உங்கள் பங்கு குறைந்துவரும்படி எழுத்தில் ஒப்புக்கொள்வதே பொருத்தமானது. தெலங்கானாவின் மாச்னூரில் தலித் பெண்கள் 2008 முதல் நடத்திவரும் சங்கம் ரேடியோவின் பின்னால், அதற்கு முன்பே கிராமந்தோறும் இயங்கிவந்த மகளிர் சங்கங்கள் இருந்தன என்பதை அறக்கட்டளையினருக்கு நினைவூட்டலாம்.

இனிச் சட்டம், இதில் அவசரப்பட வேண்டாம். வெளிநாட்டு அறப்பணிக்காக இங்கே பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். விலக்கு அளிக்கப்பட்டாலன்றி, செலவு போக எஞ்சும் தொகையில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே பயன்பட வேண்டும். கோயில் வாசலிலோ சமூக ஊடகத்திலோ வேண்டுகோள் வைக்கும் முன்பே ஆணையர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். இந்தியப் பக்கத்தில், சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் தருவது, அவர் தமிழரே ஆனாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெற அறக்கட்டளை வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். பணமும் புதுடில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அறக்கட்டளை வைத்திருக்கும் கணக்குக்கே முதலில் போக வேண்டும். பதிவுச் சான்றிதழ் ஐந்தாண்டுக்கே செல்லும் என்பதால் தேதியைப் பாருங்கள். உங்களில் இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது இக்கட்டுப்பாட்டுக்குள் வராது. இங்கே வரிக்கழிவு மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்று: ஒலிவடிவில் செய்தியோ நடப்பு விவகாரமோ தயாரிக்கும், ஒலிபரப்பும் அமைப்புகள் வெளிநாட்டு நன்கொடை பெறவே கூடாது. வானிலை, குடிநீர், மின்தடை, தேர்வு, திருவிழா போன்ற அறிவிப்புகளைச் சமுதாய வானொலி விதிகள் செய்தியாகக் கருதுவதில்லை. அரசியல் அலசலைத் தொட்டால்தான் சிக்கல். ஊர்ப் பிரச்சினையைப் பேசாத ஊர் வானொலி எதற்கு என்று நீங்கள் கேட்டால், அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு.

கேள்வி: ஊரில் எல்லார் கையிலும் யூடியூப் இருக்கும்போது வானொலி எதற்கு?
– வாசகி, ஜூரோங்

பதில்: 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது, மின்கம்பங்கள் சாய்ந்து கைப்பேசிச் சேவையும் முடங்கியது. அத்தகைய நேரத்தில், கோபுரமும் ஜெனரேட்டரும் தப்பிய வானொலி நிலையம் பேட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டிகளில் கேட்கும். சாதாரண நாளிலோ, வலை பின்னிக்கொண்டும் கருவாடு உலர்த்திக்கொண்டும் இருப்பவர்களுக்குத் திரையைப் பார்க்கக் கண்ணும் கையும் ஓய்வாக இருப்பதில்லை. பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காகவே ‘கடல் ஓசை’ ஒலிபரப்பாகிவருகிறது. நல்ல நிகழ்ச்சியை யூடியூபிலும் ஏற்றட்டும். அதைத் தயாரிப்பவருக்கும் சம்பளம் வேண்டும்.