புதுப்பித்த வீடு: நாமே விற்பதா, தரகரிடம் விடுவதா?

பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பித்து விற்பது என் தொழில். நானே விற்றதும் உண்டு, தரகரிடம் விட்டதும் உண்டு. வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சமையலறை, தரை, குளியலறை எல்லாம் மாற்றிவிட்டோம் சார். கமிஷனை மிச்சம் பிடிக்க நாங்களே விற்கலாமா?

தாராளமாக விற்கலாம். ஆனால் மிச்சம் முழுவதும் உங்கள் கைக்கு வரும் என்று உறுதியில்லை. நடுவில் தரகர் இல்லை என்று தெரிந்ததுமே, வாங்க வருபவரும் அந்தத் தொகையில் பங்கு கேட்டுப் பேரம் பேசலாம். இருந்தாலும், அமெரிக்காவின் மேடிசன் நகர விற்பனைகளை வைத்து 2009இல் வெளியான ஆய்வில், நேரடியாக விற்றவர்களுக்கு விலை குறைந்துவிடவில்லை. ஆனால் விற்று முடிக்க அதிக நாள் பிடித்தது. சிலர் பாதியில் தரகரிடமே போனார்கள். அதனால் உங்களால் காத்திருக்க முடியுமா, வருகிற ஒவ்வொருவருக்கும் பொறுமையாக வீட்டைச் சுற்றிக்காட்ட ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: புதுப்பிக்க ஆன செலவை அப்படியே விலையில் சேர்க்கலாமா?

கூடாது. நானே விற்கிறேன் என்று இறங்குபவர்கள் சறுக்குகிற இடம் இதுதான். நம் பணமும் உழைப்பும் போட்ட வீட்டை, வாங்குபவரின் இடத்தில் நின்று நாம் பார்ப்பது மிகவும் கஷ்டம். வயரிங், குழாய், கூரை இவற்றுக்குத்தான் பணம் கரைந்திருக்கும். ஆனால் அவையெல்லாம் சரியாக இருப்பது வீட்டின் கடமை என்றுதான் வருபவர் நினைப்பார். அதற்காகத் தனியாக விலை தர மாட்டார். சரியாக இல்லாவிட்டால் மட்டும் குறைப்பார். நீங்கள் ஆசையாகத் தேடிப் போட்ட டைல்ஸ் அவருக்குப் பிடிக்காமலே போகலாம். பக்கத்தில் சமீபத்தில் கைமாறிய, ஏறக்குறைய இதே அளவு வீடுகள் என்ன விலைக்கு முடிந்தன என்று விசாரியுங்கள். கேட்ட விலை வேண்டாம், முடிந்த விலைதான் வேண்டும். முடிந்தால் தனி மதிப்பீட்டாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து மதிப்புப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று தரகர்களிடம் கேட்டோம். ஒருவர் மட்டும் மிக அதிக விலை சொல்கிறார். அவரிடமே கொடுத்துவிடலாமா?

எதை வைத்து அந்த விலை சொல்கிறார் என்று கேளுங்கள். வீட்டை விற்றுத்தரும் வேலையைப் பிடிப்பதற்காக விலையை ஏற்றிச் சொல்லிவிட்டு, அப்புறம் குறைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். விற்பனைக்கு வந்த முதல் சில வாரங்களில்தான் நிறைய பேர் வந்து பார்ப்பார்கள். அதைத் தவறவிட்டால், 'இவ்வளவு நாளாக ஏன் போகவில்லை?' என்ற சந்தேகம் வீட்டின் மேல் விழுந்துவிடும்.

கேள்வி: முதலில் வந்த விலைக்கே முடித்துவிடுங்கள் என்று எங்கள் தரகர் அவசரப்படுத்துகிறார்.

கணக்கைப் பாருங்கள். கமிஷன் 2 சதவீதம் என்றால், விலை 100 ரூபாய் கூடினால் உங்களுக்கு 98, அவருக்கு 2. அந்த 2 ரூபாய்க்காக அவர் இன்னும் பத்து நாள் அலைய வேண்டும். சிகாகோ பகுதியில் ஏறத்தாழ ஒரு லட்சம் விற்பனைகளை அலசிய, 2008இல் வெளியான ஆய்வில், தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை மட்டும் சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, சுமார் 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்றிருந்தார்கள். அதற்காக அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. இது உங்கள் சொந்த வீடாக இருந்தால் இந்த விலைக்குக் கொடுப்பீர்களா என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: தரகரோடு போடும் ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

எத்தனை மாதம், கமிஷன் எப்போது தர வேண்டும், நீங்களே ஆள் பிடித்து விற்றாலும் தர வேண்டுமா. மூன்றாவதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: நாங்களே விற்க முடிவு செய்துவிட்டோம். எதைத் தயார் செய்வது?

கட்டட மாற்றத்துக்கு வாங்கிய அனுமதி, வேலைக்கான ரசீதுகள், உத்தரவாதச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். சுவரைப் பூசி மூடும் முன் குழாயையும் வயரையும் படம் எடுத்திருந்தால் அதுவும் இருக்கட்டும். இதைப் பார்த்ததும் வாங்குபவருக்கு வருகிற நம்பிக்கையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முன்பு நீர்க்கசிவு இருந்து சரி செய்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பத்திர வேலைக்குக் கண்டிப்பாக வழக்கறிஞர் வேண்டும், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். வங்கிக் கடனில் வாங்குபவர் என்றால், கடன் கிடைக்கும் என்பதற்கான கடிதத்தைப் பார்த்த பிறகே மற்றவர்களை வர வேண்டாம் என்று சொல்லுங்கள்.