14 வயசுப் பையன் கால்ல வெயிட் கட்டி ஜம்ப் பண்ணலாமா?

கேள்வி: சார், என் பையனுக்கு 14 வயசு, 48 கிலோ இருக்கான், ஸ்கூல் வாலிபால் டீம்ல அட்டாக்கர். கிரவுண்டுல சீனியர் பசங்க கணுக்கால்ல மணல் பை கட்டிக்கிட்டு குதிக்கிறாங்கன்னு இவனும் காலுக்கு 2 கிலோ ஆங்கிள் வெயிட் வாங்கிக் குடுன்னு நச்சரிக்கிறான். வாங்கித் தரலாமா? வெயிட் கட்டுனா வளர்த்தி நின்னுடும்னு வீட்ல பயப்படுறாங்க, அது உண்மையா?

பதில்: ஆங்கிள் வெயிட் வாங்காதீங்கம்மா, மணல் பையும் வேண்டாம். ஆனா வீட்ல சொல்ற காரணம் சரியில்ல. சொல்லிக்குடுக்க ஆள் பக்கத்துல இருந்து, முறையா செஞ்சா வெயிட் எக்சர்சைஸ்னால வளர்த்தி நிக்காது. இந்த வயசுல எலும்போட முனைல, எலும்பு நீளுற இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாம மென்மையா இருக்கும், பசங்களுக்கு அது மூட பெரும்பாலும் 16, 18 வயசாகும், அதுவரைக்கும் தாறுமாறா விழுறது, தாங்க முடியாத எடையோட திரும்பத் திரும்ப குதிக்கிறது இதெல்லாம்தான் அந்த இடத்துக்கு ஆபத்து.

சரி, கணுக்கால்ல ஏன் கூடாது? ஸ்மாஷ் அடிக்க ஓடி வர்றப்ப கடைசி ரெண்டு ஸ்டெப் எவ்வளவு வேகமா விழுதோ அதுலதான் உயரமே இருக்கு. கால் தரைல பட்டு எழும்புறது கிட்டத்தட்ட 0.3 செகண்டுல முடிஞ்சிடும், 50 செ.மீ. எழும்பணும்னா தரையை விடுற நேரத்துல உடம்பு செகண்டுக்கு 3 மீட்டருக்குக் கொஞ்சம் மேல வேகத்துல போகணும். கால் நுனில 2 கிலோவைக் கட்டிட்டா அந்த ஸ்டெப் மந்தமாகிடும், பையன் தன்னை அறியாமலே வேற மாதிரி ஓடி வேற மாதிரி குதிக்கப் பழகிடுவான், அதோட ஒவ்வொரு தடவை காலை வீசுறப்பவும் அந்த எடை முட்டியையும் இடுப்பையும் பிடிச்சு இழுக்கும். கழட்டுன உடனே கால் பறக்குற மாதிரி லேசா இருக்கும், பசங்க அதை நம்பித்தான் ஏமாந்துபோறாங்க, செவுத்துல கை எட்டுற உயரத்தை அளந்து பாத்தாதான் உண்மை தெரியும்.

இன்னொரு விஷயம் நான் அழுத்திச் சொல்றேன், அட்டாக்கரா ஆடுற பையன் ஏற்கனவே பிராக்டிஸ்லயும் மேட்ச்லயும் ஏகப்பட்ட ஜம்ப் போட்டுட்டுதான் வீட்டுக்கே வர்றான். நார்வேல 16லருந்து 18 வயசு வரைக்கும் உள்ள நல்ல வாலிபால் பிளேயர்களை வருஷக்கணக்கா கவனிச்சாங்க, அதுல யார் அதிக நேரம் ட்ரெயினிங்கும் அதிக மேட்ச் செட்டும் ஆடுனாங்களோ அவங்களுக்கு முட்டிச்சில்லுக்குக் கீழ வர்ற ‘ஜம்பர்ஸ் நீ’ (jumper's knee)ங்கிற வலி அதிகமா வந்துச்சு, அதுலயும் நல்லா எழும்புற பசங்களுக்குத்தான் ஜாஸ்தி. அப்போ திறமையான பையனைத்தான் நாம ரொம்பக் கவனமா பாத்துக்கணும், அவன் மேலதான் எல்லாரும் கூடுதலா சுமையை ஏத்துறாங்க. பாக்ஸ் மேல இருந்து குதிச்சு இறங்குன வேகத்துல உடனே எழும்புற டெப்த் ஜம்ப் வீடியோவைப் பாத்தும் பசங்க செய்றாங்க, 1960கள்ல சோவியத் யூனியன்ல யூரி வெர்கோஷான்ஸ்கி அதை வளர்த்தது ஏற்கனவே நல்லா பலம் ஏத்துன தடகள வீரர்களுக்காக, 9ஆவது படிக்கிற பையனுக்கு இல்ல.

இப்ப என்ன செய்யணும்னா, முதல்ல இறங்கக் கத்துக்கணும். எழும்புறத எல்லாரும் சொல்லிக்குடுப்பாங்க, இறங்குறதை யாரும் கவனிக்கிறதில்ல. முன்பாதம் முதல்ல பட்டு, குதிகால் மெல்ல இறங்கி, முட்டியும் இடுப்பும் மடங்கி, தரைல சத்தம் ரொம்பக் கேக்காம நிக்கணும். நீங்களே போன்ல முன்னாடி நின்னு ஒரு வீடியோ எடுங்க, இறங்குறப்ப ரெண்டு முட்டியும் உள்பக்கமா ஒண்ணோட ஒண்ணு சாயுதான்னு பாருங்க, சாஞ்சா அது சரியாகுற வரைக்கும் எந்த வெயிட்டும் கிடையாது. வலைகிட்ட எழும்பி பந்தைத் தடுக்குற பிளாக் போட்டுட்டு ஒத்தக்கால்ல இறங்குற பழக்கம் இருந்தா அதையும் மாத்தணும்.

கூடவே வாரத்துல ரெண்டு நாள் பலம் ஏத்தணும், வீட்டுலயே போதும். ரெண்டு கையாலயும் ஒரு 5 லிட்டர் தண்ணி கேனை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சு உக்காந்து எழும்புறது, ஒரு காலை முன்னாடி வெச்சு இறங்கி எழும்புற ஸ்பிளிட் ஸ்குவாட், படிக்கட்டு நுனில நின்னு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குறது, மல்லாக்கப் படுத்து இடுப்பைத் தூக்குறது. எட்டு, பத்து தடவை, மூணு செட். கெண்டைக்காலை யாரும் கண்டுக்கிறதில்ல, ஆனா ஒத்தக்கால்ல நின்னு 20 தடவை சுத்தமா குதிகாலைத் தூக்க முடியலன்னா வெயிட் ஜம்ப்பைப் பத்திப் பேசவே வேண்டாம்னுதான் நான் சொல்வேன்.

இதெல்லாம் ஒரு மூணு மாசம் ஒழுங்கா நடந்து, வலி எதுவும் இல்லாம, இறங்குறதும் சுத்தமா இருந்தா, அப்போ பனியன் மாதிரி மாட்டிக்கிற, உடம்போட ஒட்டி நிக்கிற வெயிட் வெஸ்ட் யோசிக்கலாம். எடை அவனோட உடம்பு எடைல 5 சதவீதம், அதாவது ரெண்டேகால், ரெண்டரை கிலோ, அதுக்கு மேல இந்த வயசுல தேவையே இல்ல. நின்ன இடத்துல எழும்புற ஜம்ப் மட்டும், அஞ்சு அஞ்சா மூணு செட், நடுவுல ரெண்டு நிமிஷம் ரெஸ்ட், வாரத்துக்கு ஒரு நாள், ரொம்பப் போனா ரெண்டு நாள், ரெண்டு நாளுக்கும் நடுவுல குறைஞ்சது 48 மணி நேரம் இடைவெளி. களைச்சுப்போய் செய்யக்கூடாது, பிராக்டிஸ் முடிஞ்சு கடைசில இல்லாம ஆரம்பத்துல வார்ம் அப் முடிச்ச உடனே செய்யணும். மண் தரை நல்லது, சிமெண்ட் தரைல வேணவே வேண்டாம். மேட்ச் இருக்குற வாரத்துல வெஸ்ட்டைத் தொடாதீங்க. முன்னேற்றம் பாக்க நாலு வாரத்துக்கு ஒரு தடவை கை விரல்ல சாக்பீஸ் தூள் தடவி செவுத்துல தொடச் சொல்லுங்க, மூணு முயற்சில எது உயரமோ அதைக் குறிச்சு வைங்க.

இந்த வயசுல பசங்க திடீர்னு வளருவாங்க, அதனால மாசா மாசம் அவன் உயரத்தையும் செவுத்துல கோடு போட்டு வைங்க. விறுவிறுன்னு வளர்ற மாசங்கள்ல எலும்பு வளர்ற வேகத்துக்கு தொடைத் தசை நீளாது, அது முட்டிக்குக் கீழ எலும்பைப் பிடிச்சு இழுக்கும், அந்த இடம் புடைச்சு தொட்டா வலிக்கும், இதை ஆஸ்குட் ஸ்லாட்டர்னு சொல்வாங்க. அந்த மாசங்கள்ல ஜம்ப்பைக் குறைச்சுட்டு பாஸிங், சர்வீஸ்னு வேலை வாங்கச் சொல்லி பி.டி. சார்கிட்ட நீங்களே பேசுங்க, நல்லாப் புரிஞ்சுக்குவாங்க. சாப்பாட்டுல முட்டை, பயறு, நிலக்கடலை இருக்கட்டும், தூக்கம் 8லருந்து 10 மணி நேரம் வேணும்.

ஆடுறப்ப லேசா வலிச்சு மறுநாள் காலைல போயிடுச்சுன்னா ஜம்ப்பைக் கொஞ்சம் குறைச்சுப் பாக்கலாம். காலைல படி இறங்குறப்பவே வலிக்குது, நொண்டுறான், முட்டி வீங்கியிருக்கு, ராத்திரில வலியால முழிச்சுக்கிறான்னா அன்னைக்கே ஆட்டத்தை நிறுத்திட்டு எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, ஸ்ப்ரே அடிச்சு மேட்ச் ஆட விடாதீங்க.