பிசினஸ் சீட்டுக்கு ஏலம்: மைல் போடலாமா, பணம் போடலாமா? கேள்வி பதில்

எழும்பூரில் டிக்கெட் போடும் வேலையில் எனக்கு 19 வருடம் ஆகிறது. டிக்கெட் வாங்கிச் சில நாள் கழித்து, "பிசினஸ் கிளாஸுக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று ஒரு மெயில் வருமே, அதைப் பற்றித்தான் இப்போது பாதிப் பேர் கேட்கிறார்கள். எகானமி டிக்கெட் வாங்கியவர்கள் காலியாக இருக்கும் பிசினஸ் சீட்டுக்குக் கூடுதலாக ஒரு தொகை சொல்லிக் கேட்கும் ஏலம் அது. சில இடங்களில் அதில் ஒரு பகுதியை மைலாகவும், அதாவது பயணத்துக்கு விமான நிறுவனம் கணக்கில் சேர்த்துத் தரும் புள்ளியாகவும் கட்டலாம். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். அதற்கு முன் ஒன்று: திரையில் நீங்கள் நகர்த்தும் தொகை ஒருவருக்கு, ஒரு விமானத்துக்கு. இதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வேளச்சேரியிலிருந்து: அம்மாவும் நானும் சென்னை–சிங்கப்பூர்–சிட்னி போகிறோம் சார். ஏலத்தில் எவ்வளவு கேட்கலாம்?

இது இரண்டு விமானம், அதனால் இரண்டு தனி ஏலம். சிங்கப்பூர் வரை நாலரை மணி நேரம், அங்கிருந்து சிட்னிக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம். இரண்டிலும் பாதிப் பாதி போடாதீர்கள், இருக்கிற பணத்தை நீண்ட பயணத்தில் வையுங்கள்.

தொகையை முடிவு செய்வதற்கு முன் விமான நிறுவனத்தின் தளத்தில் அதே தேதிக்கு பிசினஸ் டிக்கெட் என்ன விலை என்று பாருங்கள். உதாரணத்துக்கு, நீங்கள் வாங்கியது 30,000, பிசினஸ் 90,000 என்றால் வித்தியாசம் 60,000. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நான் யாரையும் போகவிடுவதில்லை. அந்த 20,000 அவர்கள் கேட்கும் குறைந்தபட்சத்துக்கே எட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அடுத்து, அதே விமானத்தில் பிசினஸ் கிளாஸில் ஆறு பேருக்கு டிக்கெட் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் ஐந்து, நான்கு என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். புறப்பட மூன்று நாள் இருக்கும்போதும் ஆறு பேருக்கு இடம் காட்டினால் குறைந்தபட்சத்துக்குச் சற்று மேலே கேட்டாலே போதும். இரண்டு பேருக்குத்தான் காட்டுகிறது என்றால் ஆசையைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். சீட் படத்தைப் பார்த்து எண்ணாதீர்கள், சீட் தேர்வு செய்யாதவர்களின் இடமும் அதில் காலியாகத்தான் தெரியும்.

ஒரே பிஎன்ஆரில் இருவர் என்றால் இருவருக்கும் சேர்த்துத்தான் கிடைக்கும், ஒரு சீட் மட்டும் மிச்சமிருந்தால் கிடைக்காது. அதற்காக பிஎன்ஆரைப் பிரிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. வயதான அம்மாவைக் கூட்டிப்போகும்போது அதைச் செய்யாதீர்கள்.

சில வருடம் முன்னால் நானும் என் அம்மாவுடன் போகும்போது 22,000 என்று வைத்தேன், இருவருக்கும் சேர்த்து என்ற நினைப்பில். இரவு 2.40க்கு கார்டிலிருந்து 44,000 போனதாக மெசேஜ் வந்தது. அம்மா அன்று காலை நீட்டி நன்றாகத் தூங்கினார், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அது வீட்டுக் கடன் தவணைக்கு வைத்திருந்த பணம், அடுத்த இரண்டு மாதம் ரொம்பக் கஷ்டப்பட்டேன். தொழிலில் இருக்கிற எனக்கே இப்படி ஆனது, அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அண்ணா நகரிலிருந்து: ஏலத் திரையில் மைல் பக்கம் தள்ளினால் பணம் குறைகிறது. எது லாபம்?

நல்ல கேள்வி, கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 20,000 மைல் தள்ளினால் பணத்தில் 9,000 குறைகிறது என்று வையுங்கள். ஒரு மைலுக்கு 45 பைசா. அதே 20,000 மைலில் 25,000 ரூபாய் டிக்கெட் ஒன்று எடுக்கலாம், கையிலிருந்து வரி 4,000 மட்டும் கட்ட வேண்டும் என்றால், மிச்சமாவது 21,000. ஒரு மைலுக்கு ஒரு ரூபாய் ஐந்து பைசா. பாதிக்கும் குறைவான விலைக்கு மைலை ஏன் விற்க வேண்டும்? பணமாகவே போடுங்கள். உங்கள் எண்களை வைத்து இதே கணக்கைப் போடுங்கள், இரண்டு நிமிடம்தான் ஆகும்.

மைல் காலாவதியாகப் போகிறது என்றால் மட்டும் கதை வேறு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு ஆயுள் மூன்று வருடம். குவான்டாஸ் பாயிண்ட் 18 மாதம் கணக்கில் வரவும் செலவும் இல்லாவிட்டால் போய்விடும். வீணாகிறதைப் போடலாம். ஆனால் ஏலத்துக்காக கிரெடிட் கார்டு பாயிண்டை விமான மைலாக மாற்றவே மாற்றாதீர்கள். மாற்றியது திரும்ப வராது, ஏலம் கிடைக்கும் என்ற நிச்சயமும் இல்லை.

மைல் கொடுத்து அப்கிரேட் வாங்குவதும் மைல் வைத்து ஏலம் கேட்பதும் ஒன்றல்ல. முன்னதில் எத்தனை மைல் என்று அட்டவணை இருக்கும், ஆனால் டிக்கெட் வகை ஒத்துவர வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் ஆக மலிவான 'லைட்' டிக்கெட்டுக்கு அது கிடையாது. டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரம்பூரிலிருந்து: கொழும்பு விமானத்துக்கு ஏலம் கேட்கலாமா?

வேண்டாம் தம்பி, ஒன்றே கால் மணி நேரம்தான். அந்தப் பணத்தில் கொழும்பில் ஒரு நாள் கூடத் தங்குங்கள்.

தி. நகரிலிருந்து: வேறு தளத்தில் டிக்கெட் போட்டேன், எனக்கு மெயிலே வரவில்லையே?

விமான நிறுவனத்தின் தளத்துக்கே போய் பிஎன்ஆரையும் பெயரையும் போட்டுப் பாருங்கள். டிக்கெட் விற்ற தளம் தந்த எண் வேறு, விமான நிறுவனத்தின் ஆறு எழுத்து பிஎன்ஆர் வேறு. குழு டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் கிடையாது. டிக்கெட் ஒரு நிறுவனத்துடையது, ஓட்டுவது இன்னொரு நிறுவனம் என்றாலும் பெரும்பாலும் கிடையாது.

போரூரிலிருந்து: ஏலப் பக்கத்தில் வாய்ப்பு எப்படி என்று காட்டும் முள் பச்சையில் நிற்கிறது. கிடைத்த மாதிரிதானே?

இல்லை. பல விமான நிறுவனங்களுக்கு இந்த ஏலப் பக்கத்தை நடத்துவது கனடாவின் மான்ட்ரியலில் இருக்கும் பிளஸ்கிரேட் என்ற ஒரே நிறுவனம். அதனால்தான் பல இடங்களில் அதே முள், அதே நிறம். ஒரு விமானத்துக்கு வாரக்கணக்கில் தினமும் திறந்து பார்த்தேன். சீட் ஒன்பது இருந்தபோதும் பச்சை, இரண்டாகக் குறைந்தபோதும் அதே தொகைக்கு அதே பச்சை. உங்களோடு எத்தனை பேர் போட்டி போட்டுக் கேட்கிறார்கள் என்பதை அது காட்டியதாக நான் பார்த்ததில்லை.

மயிலாப்பூரிலிருந்து: இது நம்ம ஏலச்சீட்டு மாதிரிதானே? கடைசி நிமிடம் வரை காத்திருந்து கேட்டால் என்ன?

கடைசி நிமிடத்தால் ஒன்றும் கிடைக்காது சார். முந்தியது பிந்தியது என்ற கணக்கு இதில் இல்லை, கெடு முடியும் வரை தொகையை மாற்றலாம், எடுத்தும் விடலாம். ஏலச்சீட்டில் எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, யார் எவ்வளவு தள்ளிக் கேட்கிறார்கள் என்று காதால் கேட்கிறோம். தள்ளிய பணமும் கழிவாக நமக்கே பிரிந்து வருகிறது. இங்கே இரண்டும் இல்லை.

ராயபுரத்திலிருந்து: ஏலச்சீட்டெல்லாம் சரிவராது அண்ணே. காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலம் பாருங்க, அதுதான் இது. கெட்டுப்போகிற சரக்கு, விற்றே ஆகணும்.

பாதி சரி. கதவு மூடியதும் காலி சீட்டுக்கு மதிப்பே இல்லை, மீனைவிட வேகமாகக் கெடுகிற சரக்கு அது. ஆனால் காசிமேட்டில் கூடையைச் சுற்றி நின்று பக்கத்து ஆள் கேட்ட விலைக்கு மேலே ஐம்பது ஏற்றலாம். இங்கே பக்கத்து ஆள் யார் என்றே தெரியாது. இன்னொன்று, விமான நிறுவனம் விற்றே ஆக வேண்டும் என்றும் இல்லை. மலிவாகக் கொடுத்துப் பழக்கினால் நாளை முழு விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள் என்று சீட்டைக் காலியாகவே பறக்கவிடும்.

கே.கே. நகரிலிருந்து, பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவர்: அப்படியானால் இது டெண்டர். மூடிய உறை.

இதுதான் சரி சார். அங்கே குறைந்த தொகைக்குப் போகும், இங்கே அதிகத் தொகைக்கு. ஆனால் டெண்டரில் உறையை எல்லார் முன்னாலும் பிரிப்பார்கள், இங்கே அதுவும் கிடையாது.

கோட்டூர்புரத்திலிருந்து, பொருளாதார மாணவி: பொருளாதார அறிஞர் விக்ரி 1961இல் எழுதியபடி மூடிய உறை ஏலத்தில் நம் மனதில் உள்ள உண்மை மதிப்பை எழுதுவதுதான் நல்லது இல்லையா?

அம்மா, அவர் அதைச் சொன்னது ஜெயித்தவர் இரண்டாவது அதிகத் தொகையைக் கட்டும் ஏலத்துக்கு. 1996இல் நோபல் வாங்கிய மனிதர், தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் இங்கே நீங்கள் எழுதியதையே முழுசாகக் கட்ட வேண்டும். 25,000 மதிப்பு என்று நினைத்து 25,000 எழுதி ஜெயித்தால் உங்களுக்கு மிஞ்சியது என்ன? அதனால் கீழேதான் கேட்க வேண்டும்.

மயிலாப்பூரிலிருந்து மறுபடியும்: அப்போ எப்போதும் குறைந்தபட்சமே போட்டால் போதுமே?

சீட் நிறைய இருக்கும் செவ்வாய், புதன் பயணத்துக்கு அப்படியே செய்யுங்கள். பொங்கல், மே மாத லீவு என்றால் கிடைக்காது. எவ்வளவு கீழே என்பதைக் காலி சீட் எண்ணிக்கைதான் சொல்லும், வேளச்சேரிக்காரருக்குச் சொன்ன ஆறு பேர் தேடலை மறுபடி படியுங்கள். டெண்டரா ஏலச்சீட்டா என்று இன்னும் பதினோரு பேர் எழுதியிருக்கிறீர்கள், எல்லாவற்றையும் படித்தேன். இத்துடன் அதை நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தாம்பரத்திலிருந்து: கணவன் மனைவி இருவர். திரையில் வருவது மொத்தத் தொகையா?

ஒருவருக்கு, ஒரு விமானத்துக்கு.

குரோம்பேட்டையிலிருந்து: நாங்கள் நால்வர், போக வர. தொகை எப்படி?

ஒருவருக்கு, ஒரு விமானத்துக்கு. நேரடி விமானம் என்றால் எட்டால் பெருக்குங்கள். முதல் பத்தியைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம்.

திருவான்மியூரிலிருந்து: பெட்டி எடை, சாப்பாடு, மைல் எல்லாம் பிசினஸ் கணக்கா?

மைல் பெரும்பாலும் நீங்கள் வாங்கிய பழைய டிக்கெட் கணக்குத்தான். எடை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், விதிகளில் படியுங்கள், ஊறுகாயும் இட்லி மாவும் ஏற்றிக்கொண்டு போய் கவுன்டரில் நிற்காதீர்கள். கால் நீட்டும் சீட்டுக்குத் தனியாகக் கட்டியிருந்தால் அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பாது. சாப்பாட்டில் மட்டும் கவனம். எங்களிடம் டிக்கெட் எடுத்த ஒரு மாமி எகானமியில் சைவச் சாப்பாடு சொல்லி வைத்திருந்தார். ஏலம் கிடைத்து முன்னால் போனதும் அந்தக் குறிப்பு கூடவே போகவில்லை. பத்து மணி நேரம் ரொட்டியும் பழமும்தான் சாப்பிட்டார். ஏலம் கிடைத்த மெயில் வந்ததும் முதல் வேலையாகச் சாப்பாட்டை மறுபடி பதிவு செய்யுங்கள்.

முகப்பேரிலிருந்து: பிசினஸ் டிக்கெட்டுக்கு வரி கூடிவிட்டதாமே?

ஆமாம். 2025 செப்டம்பர் 22 முதல் எகானமிக்கு மேலான வகுப்புகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது, எகானமிக்கு 5தான். ஏலத் தொகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று கடைசித் திரையில் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

நங்கநல்லூரிலிருந்து: ஜெயித்த பிறகு திரும்ப எகானமிக்கு மாற்றிவிட்டால்?

ஏலத் தொகையைத் திருப்பிக் கேளுங்கள், போர்டிங் பாஸ் இரண்டையும் பத்திரமாக வையுங்கள். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2023 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிப்படி, டிக்கெட் வாங்கிய வகுப்பிலிருந்து நம் விருப்பமில்லாமல் இறக்கினால் உள்நாட்டில் வரி உட்பட டிக்கெட் விலையில் 75 சதவீதம், வெளிநாட்டுப் பயணத்தில் தூரத்தைப் பொறுத்து 30, 50 அல்லது 75 சதவீதம் திரும்பக் கிடைக்கும். அது டிக்கெட்டில் இருக்கும் வகுப்பைப் பற்றிய விதி, அதனால் ஏலத் தொகைக்கு அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

பல்லாவரத்திலிருந்து: பச்சை வந்தால் கிடைக்குமா?

போரூர்க்காரருக்குச் சொன்ன பதில்தான்.

ஆதம்பாக்கத்திலிருந்து: அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். தங்கை பிரசவத்துக்கு பிராங்க்ஃபர்ட் போகிறார். ஏலத்தில் அதிகமாகவே கேட்டுவிடட்டுமா சார்?

கேட்காதீர்கள் தம்பி. கிடைத்தே ஆக வேண்டிய சீட்டுக்கு ஏலம் சரியான வழி இல்லை. முடிவு பெரும்பாலும் புறப்பட ஒன்றிரண்டு நாள் முன்னால்தான் வரும், இல்லை என்று வந்தால் அப்போது எதுவுமே மிச்சமிருக்காது. பத்து மணி நேரம் முட்டியை மடக்கி உட்கார முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முடியாது என்றால் பிரீமியம் எகானமியோ பிசினஸோ இப்போதே விலை கொடுத்து வாங்குங்கள், தேதியை முன்பின் நகர்த்தினால் விலை இறங்குகிறதா என்று பாருங்கள். முடியும் என்றால் நடைவழி ஓரமாக, கால் நீட்ட இடமுள்ள சீட்டைப் பணம் கட்டி எடுங்கள். ஆனால் எமர்ஜென்சி கதவு வரிசை அவருக்குத் தர மாட்டார்கள், அதை விட்டுவிட்டு வகுப்பின் முதல் வரிசையைக் கேளுங்கள். வீல்சேருக்கு இரண்டு நாள் முன்னாலாவது சொல்லி வையுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நள்ளிரவுக்கு மேல் புறப்படும் விமானம், மீனம்பாக்கத்தில் குடியேற்ற வரிசை நீளமாக இருக்கும், அவரை நிற்க விடாதீர்கள்.