பழைய ட்ரில்லுக்கு லித்தியம் செல் போடலாமா?

கேள்வி: எங்கள் 12 வோல்ட் கார்ட்லெஸ் ட்ரில்லின் நிக்கல்-காட்மியம் பேட்டரி செத்துவிட்டது. அதே பேக்கில் லித்தியம் செல் போட்டுத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். போடலாமா? ரிமோட், பொம்மை, சுவர்க்கடிகாரத்துக்கும் சார்ஜ் செய்யும் பென்சில் செல்லே வாங்கிவிடலாமா?

பதில்: போடலாம், ஆனால் பழைய சார்ஜரை இனித் தொடக்கூடாது. பேக்கைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தலா 1.2 வோல்ட்டில் 10 செல்கள் நிக்கல் பட்டையால் ஒட்டப்பட்டிருக்கும். லித்தியம் செல் ஒன்றே 3.6 வோல்ட் என்பதால் மூன்று போதும். முழு சார்ஜில் செல்லுக்கு 4.2, மொத்தம் 12.6 வோல்ட். அதைத் தாண்டினால் செல் உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். நிக்கல் சார்ஜருக்கு இந்த எல்லை தெரியாது. அதனால் 12.6 வோல்ட் லித்தியம் சார்ஜரும், ஒவ்வொரு செல்லையும் கவனிக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்பு சர்க்யூட் போர்டும் கட்டாயம்.

கடைக்காரர் எந்த செல்லைப் போடுகிறார் என்றும் கேளுங்கள். பிட் சுவரில் சிக்கும் நொடியில் ட்ரில் 20 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். பழைய லேப்டாப்பில் கழற்றிய செல் அதைத் தாங்காது. பவர் டூலுக்கென்றே வரும் ஹை-டிஸ்சார்ஜ் செல்தான் வேண்டும். இத்தனையும் சேர்ந்தால் செலவு எங்கோ போய்விடும். வருடத்துக்கு நாலு ஓட்டை போடுகிறவர் என்றால், என்னைக் கேட்டால், ஒயர் வைத்த ட்ரில்லே வாங்குங்கள்.

புதிய கார்ட்லெஸ்தான் வேண்டுமென்றால் லித்தியமே எடுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் ‘20 வோல்ட் மேக்ஸ்’, ‘18 வோல்ட்’ இரண்டும் பெரும்பாலும் அதே ஐந்து செல்தான், பெயரில்தான் வித்தியாசம். பேட்டரியைப் பாதி சார்ஜில், வெயில் காயும் பரணில் வைக்காமல் எடுத்து வையுங்கள்.

பொம்மைக்கு நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பென்சில் செல் நல்லது. அதிலும் சும்மா இருக்கும்போது சார்ஜ் சீக்கிரம் வடியாத ரகமாகப் பாருங்கள். சான்யோ 2005-இல் எனலூப் என்று கொண்டுவந்த வகை இது. கொள்ளளவு 2000 மில்லியாம்பியர்-மணி போதும். 3000-க்கு மேல் அச்சடித்திருந்தால் நம்பாதீர்கள். பென்சில் செல் அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் விற்கிறார்கள். அதை மாற்றிப் போட்டால் பொம்மை புகைந்துவிடும்.

கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் சாதாரண செல்லே போதும், கடிகாரம் ஒரு செல்லில் வருடம் ஓடும்.

காட்மியம் நச்சு உலோகம், பழைய பேக்கைக் குப்பையில் போடாதீர்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதியது வாங்கும் கடையிலேயே கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.